நிலாவரையில் போட்ட தேசிக்காய்

புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணற்றின் கதையைக் கேட்காமல் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்காது. அது அடியில்லாத கிணறு, அதில் ஒரு தேசிக்காயைப் போட்டால் நிலத்துக்குக் கீழால் போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். சரி, யார் போட்டது, யார் கீரிமலையில் காத்திருந்து எடுத்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த வழியால் போனது என்று கேட்டால் பதில் வராது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சுண்ணக்கல் நிலம் இது. கீழே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. அறிய வேண்டுமானால் ஊர் ஊராகப் போய், வளவு வளவாக, ஒவ்வொரு கிணற்றையும் எட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கிணறுகளோ தனியார் வளவுகளில் இருக்கின்றன.

இணையமும் அப்படித்தான். கொக்குவிலில் இருந்து ரொறன்ரோவுக்கு வீடியோ அழைப்பு எடுக்கிறோம், முகம் உறைந்து நிற்கிறது, "லைன் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். எந்த லைன்? வீட்டு வை-ஃபையா, தெருவில் போகும் ஃபைபரா, கொழும்பா, கடலடியா? தேசிக்காய் போன வழி யாருக்கும் தெரியாது.

வழி தெரிந்துகொள்ள இரண்டு பழைய கருவிகள் இருக்கின்றன. ஒன்று பிங். 1983 இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. இணையத்தில் தரவு துண்டு துண்டாகத்தான் போகும், அந்தத் துண்டுக்குப் பொதி என்று பெயர். பிங் ஒரு சின்னப் பொதியை அனுப்பி, அதற்குப் பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெக்கன் ஆனது என்று பார்க்கும். மற்றது 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய ட்ரேஸ்ரூட். அதன் சூட்சுமம் கெட்டித்தனமானது. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் எழுதியிருக்கும். வழியில் பொதியை அடுத்த இடத்துக்குக் கடத்திவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூச்சியமானால் அந்த ரவுட்டர் பொதியைத் தூக்கி எறிந்துவிட்டு, "உன்னுடைய பொதி என்னிடத்தில் முடிந்தது" என்று அனுப்பியவருக்குச் சொல்லும். பொதிகள் முடிவில்லாமல் சுற்றித் திரியக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ட்ரேஸ்ரூட் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. முதலில் ஆயுள் 1 உள்ள பொதி போகும், முதல் ரவுட்டர் பதில் தரும். பிறகு ஆயுள் 2, பிறகு 3. இப்படிப் படி படியாக முழு வழியும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தேசிக்காய் ஒவ்வொரு சந்தியிலும் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவது போல.

ஆனால் நான் என் வீட்டில் இருந்து ட்ரேஸ்ரூட் ஓட்டினால் என் வீட்டு வழிதான் தெரியும். அது ஒரு கிணறு. பல கிணறுகளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் தன்னார்வலர் வீடுகளில் இயங்கும் அளவீட்டு வலையமைப்புகள். அவற்றுள் பெரியது ரைப் அட்லஸ்.

அம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைப் என்சிசி என்ற அமைப்பு இதை 2010 இல் தொடங்கியது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, மத்திய ஆசியா ஆகிய பகுதிகளுக்கு இணைய முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் முதன்மை வேலை. இலங்கை அதன் எல்லைக்குள் வராது. நாங்கள் ஆசிய பசிபிக் பகுதிக்கு அதே வேலையைச் செய்யும், பிரிஸ்பேனில் உள்ள ஏப்நிக்கின் ஆட்கள். ஆனாலும் வீட்டில் செருகி வைத்தால் தானே அளந்துகொண்டிருக்கும் அட்லஸ் பெட்டிகள் எந்த நாட்டிலும் இருக்கலாம். உலகம் முழுவதும் 12,000க்கு மேற்பட்டவை இணைந்திருக்கின்றன. இதற்கு முன்னரும் ரைப் என்சிசி ஓர் அளவீட்டு வலையமைப்பை 1990களின் இறுதியில் இருந்து நடத்தியது. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் கூரையில் ஜிபிஎஸ் அன்ரெனா கட்ட வேண்டும். யார் வீட்டில் அதைக் கட்ட விடுவார்கள்? பெட்டிகளின் எண்ணிக்கை பெரிதாக வளரவேயில்லை. அட்லஸ் அதில் இருந்து பாடம் படித்துக்கொண்டு மலிவான, சின்ன, செருகிவிட்டு மறந்துவிடக்கூடிய ஒன்றைச் செய்தது. அந்த "மறந்துவிடக்கூடிய" என்பதில்தான் இந்த வலையமைப்பின் பலமும் இருக்கிறது, பெரிய பலவீனமும் இருக்கிறது.

பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றாம் தலைமுறைப் பெட்டி. டிபி-லிங்க் நிறுவனத்தின் எம்ஆர்3020 என்ற சட்டைப்பை அளவு ரவுட்டரை வாங்கி, அதன் மென்பொருளை மாற்றி அட்லஸாக ஆக்கியது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் யூஎஸ்பி குச்சி, மறுபக்கம் லான் கேபிள், தொலைபேசி சார்ஜர் அளவு மின்சாரம். ரீவிக்குப் பின்னால், ரவுட்டருக்கும் சுவருக்கும் நடுவில், பல்லி முட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பச்சை விளக்கு மினுங்கும். அவ்வளவுதான்.

அது என்ன செய்கிறது? பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பின் உச்சியில் இருக்கும் மூல வழங்கிகளுக்கு (ரூட் சேர்வர்களுக்கு) விடாமல் பிங், ட்ரேஸ்ரூட், டிஎன்எஸ் கேள்வி என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல், வேறு எவரும் இந்தப் பெட்டியிடம் வேலை கேட்கலாம். செல்வம் சேர்க்கும் முறையும் உண்டு. பெட்டி இணைந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 15 புள்ளிகள், ஒரு நாளைக்கு 21,600. அந்தப் புள்ளிகளைச் செலவழித்து நான் பிரேசிலிலும் கென்யாவிலும் உள்ள பெட்டிகளிடம் "எங்கள் பல்கலைக்கழகத் தளத்தை எட்டிப் பார்த்துச் சொல்லு" என்று கேட்கலாம். ஊரில் சீட்டுப் பிடிப்பதும் கைமாற்றாக வயல் வேலை செய்வதும் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உன் வளவுக் கிணற்றை நான் பார்க்கிறேன், என் வளவுக் கிணற்றை நீ பார்.

பெட்டியை முதன்முதலில் செருகிய அன்று அம்மம்மா கேட்டா: "இது ஆருக்குத் தம்பி தகவல் குடுக்குது?" பகிடியாகக் கேட்கவில்லை. டோர்ச் லைற் பற்றரியே வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தைக் கண்டவ. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீடு இது. மினுங்குகிற ஒரு பெட்டி வீட்டுக்குள் இருப்பது அந்தத் தலைமுறைக்குச் சாதாரண விஷயமல்ல. நானும் சாதாரணமாகப் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

உண்மை இதுதான். பெட்டி வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதில்லை. தானே பொதிகளை அனுப்பி, தன் பொதிகளுக்கு வந்த பதிலை மட்டும் அளக்கிறது. வெளியில் இருந்து உள்ளே வர எந்தக் கதவையும் திறந்து வைப்பதில்லை. தானே வெளியே போய்த் தன் கட்டுப்பாட்டு நிலையத்தோடு மறைகுறியாக்கிய இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. வரைபடத்தில் வீட்டின் இடத்தைக் காட்டும்போது சற்று நகர்த்தியே காட்டுகிறார்கள். இன்னொரு முக்கியமான தடை இருக்கிறது. இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கும் அளவீட்டை எந்தத் தளத்துக்கும் ஓட்ட விடமாட்டார்கள்; அளவீட்டுக்கு இலக்காகவே அட்லஸில் வைத்திருக்கும் 'நங்கூரம்' என்ற வழங்கிகளுக்கு மட்டும்தான். ஏன்? எங்கோ இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவன் தன் ஆர்வத்துக்காகத் தடைசெய்யப்பட்ட ஒரு தளத்தை என் வீட்டு முகவரியில் இருந்து திறந்து பார்த்தால், கதவைத் தட்டப்போவது என் வீட்டில்தான். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் இருந்து இருக்கும் நாட்டில், 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்ட நாட்டில், இந்தத் தடை வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. அதனால் சில ஆராய்ச்சிகள் செய்ய முடியாமல் போகின்றன என்பது உண்மை. போகட்டும். தணிக்கையை அளக்க வேண்டுமானால் 2012 இல் தொடங்கிய ஊனி என்ற திட்டத்தின் செயலி இருக்கிறது. அதைத் தொலைபேசியில் போடுபவர் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே போடுகிறார். என் வீட்டுப் பெட்டி அப்படியல்ல. அதில் வேலை கொடுப்பவர் வேறு, முகவரி கொடுப்பவர் வேறு.

அம்மம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "எங்கட லைன் எப்பிடி இருக்கு எண்டு மட்டும் சொல்லுது, வீட்டுக் கதை ஒண்டும் சொல்லாது" என்றேன். "அப்ப சரி" என்றா.

இந்தப் பெட்டிகளால் யாழ்ப்பாணத்துக்கு என்ன தெரியவருகிறது என்று பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு 100 கிலோமீற்றர் தூரத்துக்கும் 1 மில்லிசெக்கன். இதை வெல்ல முடியாது. எந்த நிறுவனத்தின் எந்தப் பொதியாலும் முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னை நேர்கோட்டில் 400 கிலோமீற்றருக்குள்தான். காகம் பறக்கிற வழியில் இழை இருந்தால் 4 மில்லிசெக்கன் போதும். ஆனால் எங்கள் பொதி முதலில் தெற்கே கொழும்புக்குப் போகும். அங்கிருந்து எந்தக் கடலடிக் கேபிளில் ஏறுகிறது, இரண்டு நிறுவனங்கள் எந்த ஊரில் கைகோத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது மிச்சம். அந்தக் கைகோத்தல் சிங்கப்பூரில் என்றால், கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி 2,900. எல்லாம் சேர்த்து 6,000 கிலோமீற்றர், குறைந்தது 60 மில்லிசெக்கன். பலாலியில் நின்று பார்த்தால் அடுத்த கரை, பொதிக்கு மலாக்கா நீரிணையைத் தொட்டு வரும் பயணம். எவரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. கேபிளும் ஒப்பந்தமும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொதி போகும். ஆனால் அளந்து காட்டாதவரை இப்படி நடக்கிறது என்றே வெளியே தெரியாது.

கேபிள் கதை எங்களுக்குப் புதிதல்ல. 2004 ஆகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் போட்ட நங்கூரம் சீ-மீ-வீ 3 கேபிளைச் சேதப்படுத்தியதில் நாட்டின் வெளித்தொடர்பு பெருமளவு அறுந்தது. இன்று சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் 5, வங்காள விரிகுடா கேபிள் என்று பல வழிகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தால் இணையம் நிற்பதில்லை, மெதுவாகிறது. வேறு வழியில் சுற்றிப் போகிறது. நிற்பதை எல்லோரும் கவனிப்பார்கள். மெதுவாவதைக் கவனிக்க, நேற்று எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். அட்லஸின் உண்மையான சொத்து அந்த நேற்றுதான். 2015 நவம்பர் 30 இல் மூல வழங்கிகள் மீது பெரிய தாக்குதல் நடந்தபோது, எவை தாக்குப்பிடித்தன, எவை தள்ளாடின என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எழுத முடிந்தது இதனால்தான். தாக்குதல் வரும் என்று யாரும் பெட்டிகளைத் தயார்ப்படுத்தவில்லை. அவை எப்போதும் போலக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2012 இல் சாண்டி புயல் நியூயோர்க்கை அடித்தபோதும், 2022 இல் உக்ரேனில் போர் தொடங்கியபோதும் அப்படியே.

பெட்டி பேசாமல் இருப்பதும் ஒரு செய்தி. இலங்கையில் இருப்பவருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. அந்த மாதிரி நாட்களில் ஒரு பெட்டி எத்தனை மணிக்கு மறைந்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பது பதிவாகும். இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். திரும்பி வரும் பெட்டி, தான் எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லும். கடிகாரம் பூச்சியத்தில் இருந்து தொடங்கியிருந்தால் கரண்ட் போயிருக்கிறது. பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னால் கரண்ட் இருந்திருக்கிறது, லைன்தான் அறுந்தது. அந்த நேரத்தில் எடுத்த அளவீடுகளையும் தன்னிடம் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். இப்போது பல வீடுகளில் ரவுட்டருக்கென்றே மினி யூபிஎஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். பெட்டியையும் அதில் செருகினால் மின்வெட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்வெட்டின்போது தெருவில் இருக்கும் நிறுவனக் கருவி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று தெரியும். ஒரே தெருவில் யூபிஎஸ் உள்ள பெட்டி ஒன்றும் இல்லாத பெட்டி ஒன்றும் இருந்தால் இரண்டு கதையும் கிடைக்கும். ஆசைதான், ஒன்று கிடைப்பதே பாடு.

ஏன் பாடு என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பெட்டி சாகும் விதங்கள் பல. தொழில்நுட்பச் சாவுகளில் பிரபலமானது யூஎஸ்பி குச்சி. எம்ஆர்3020 இன் உள்நினைவகம் வெறும் 4 மெகாபைட். அதற்குள் எல்லாம் அடங்காது என்பதால் குச்சியைச் செருகினார்கள். அந்தக் குச்சியில் ஓயாமல் எழுதி எழுதி, நடுவில் கரண்ட் போய்ப் போய், ஒரு நாள் அது கெட்டுவிடும். வைத்தியம் இருக்கிறது: குச்சியைக் கழற்று, பெட்டியைக் குச்சி இல்லாமல் செருகு, பத்து நிமிடம் பொறு, பிறகு குச்சியைச் செருகு. பெட்டி அதைத் துடைத்துத் தன்னைத் தானே திரும்ப எழுதிக்கொள்ளும். நான் நான்கு முறை செய்திருக்கிறேன். மூன்று முறை பலித்தது, நான்காம் முறை சந்தியில் புதுக் குச்சி வாங்கினேன். இந்த வைத்தியம் லேசு. ஆனால் இதைச் செய்ய ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், பெட்டி செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவருக்கு அக்கறை இருக்க வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வதுதான் அபூர்வம்.

பிறகு இடி. ஐப்பசி பிறந்தால் பின்னேரங்களில் வானம் கறுக்கும். அம்மா வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றுவா. ரீவி, குளிர்சாதனப் பெட்டி, ரவுட்டர், கூடவே என் பெட்டி. அது சரியான காரியம்தான், இடி விழுந்து ரவுட்டர் எரிந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. திரும்பச் செருகும்போது ரீவி ஞாபகம் வரும், குளிர்சாதனப் பெட்டி ஞாபகம் வரும், பெட்டி வராது. என் பெட்டியின் வரலாற்றைத் திறந்து பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஓட்டைகள். யாராவது ஓர் ஐரோப்பிய மாணவர் அதைப் பார்த்து வட இலங்கையில் பருவகாலத்தில் இணையம் நிலைகுலைகிறது என்று ஆய்வேடு எழுதாமல் இருந்தால் சரி.

ஆனால் இங்கே பெட்டிகளைக் கொல்வதில் குச்சியும் இடியும் சின்னக் காரணங்கள். பெரிய காரணம் பயணம். பெட்டியை ஆர்வமாக வாங்கி வைப்பவர் யார்? கணினி படித்த இருபது முப்பது வயதுப் பெடியனோ பெட்டையோ. யாழ்ப்பாணத்தில் அந்த ஆள் ஐந்து வருடத்துக்குப் பிறகு எங்கே இருப்பார்? கொழும்பில், இல்லாவிட்டால் மெல்பேர்னில், இல்லாவிட்டால் ரொறன்ரோவில். பெட்டி பெற்றோரிடம் இருக்கும். ரவுட்டரை மாற்ற வரும் நிறுவனப் பெடியன், "இது என்ன அன்ரி, தேவையோ?" என்று கேட்பான். தெரியாது என்றதும் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவான். அங்கே அது நிம்மதியாக இருக்கும்.

அட்லஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிலை கொடுக்கும். இணைந்தது, இணைப்பு அறுந்தது, கைவிடப்பட்டது, ஒருபோதும் இணையாதது. கடைசி இரண்டும் படிக்கத் துக்கமானவை. மாநாட்டில் ஆர்வத்தோடு வாங்கிப் பையில் போட்டு, வீட்டுக்கு வந்து ஒரு தடவைகூடச் செருகாதவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெட்டி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. இலவசமாக வந்ததற்கு எங்கள் வீடுகளில் என்ன மரியாதை என்று தெரியும்தானே.

என் மச்சான் ஒருவன் இதிலும் ஒரு படி மேலே போனான். கனடாவுக்குப் போகும்போது பெட்டியையும் கொண்டுபோய் ஸ்காபரோவில் ஒரு நிலவறை வீட்டில் செருகிவிட்டான். வரைபடத்தில் இடத்தை மாற்ற மறந்துவிட்டான். சில மாதங்களாக, அட்லஸ் கணக்கில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு ஐந்து மில்லிசெக்கனில் போய்வர முடிந்தது. நேர்கோட்டிலேயே 14,000 கிலோமீற்றர் அளவில் தூரம். ஒளிக்கே 140 மில்லிசெக்கன் வேண்டும். ஒளியை விட வேகமாக ஓடிய முதல் யாழ்ப்பாணத்தவன் அவன்தான் என்று இப்போதும் பகிடி பண்ணுவோம். பகிடிக்குள் ஒரு பாடம் இருக்கிறது: ஆட்களைப் போலவே பெட்டிகளும் இடம்பெயர்கின்றன, பதிவேடு பின்னால்தான் வருகிறது. தரவைப் பயன்படுத்துபவர்கள் வரைபடத்தை நம்பாமல் ஒளியின் வேகத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள். அது நல்ல பழக்கம்.

சரி, இந்த வலையமைப்பின் எதிர்காலத்தை எப்படித் திட்டமிடுவது? அம்ஸ்டர்டாமில் இருந்து பார்த்தால் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். முதலாவது வன்பொருள். முதல் இரண்டு தலைமுறைப் பெட்டிகளில் இருந்த நினைவகம் 8, 16 மெகாபைட் அளவு. புதிய மறைகுறியாக்க முறைகள் வர வர அவற்றை இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். மூன்றாம் தலைமுறைக்கு நம்பிய ரவுட்டர் கடைகளில் இருந்து மறைந்தது. பிறகு நனோபை என்ற சின்னக் கணினிப் பலகை, அதற்குப் பிறகு செக் நாட்டின் டூரிஸ் மொக்ஸ் ரவுட்டர். தானே தொழிற்சாலை வைத்திராதவர் சந்தையில் கிடைப்பதைக் கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் திரும்பத் தைக்க வேண்டும், பழைய உடுப்பை அடுத்த பிள்ளைக்கு அளவாக்குவது போல.

இரண்டாவது பணம். ரைப் என்சிசி ஏறத்தாழ 20,000 உறுப்பு நிறுவனங்களின் கட்டணத்தில் ஓடுகிறது. ஒரு டச்சு நிறுவனமோ துருக்கி நிறுவனமோ, "கோண்டாவிலில் இருக்கும் பெட்டிக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அவர்களின் வாடிக்கையாளர் தளம் இங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்ல இங்கே ஒரு பெட்டி வேண்டும் என்பதுதான் பதில். அந்தப் பதில் கட்டணம் ஏறும் வருடங்களில் எவ்வளவு எடுபடும் என்பது வேறு விஷயம். பெட்டியை விடப் பெரிய செலவு சேமிப்பு. 2010 இல் இருந்து வந்த அளவீடுகள் மலைபோலக் குவிகின்றன. நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு பிங்கை வைத்திருக்க வேண்டுமா? எதை எறிவது என்று இன்று தெரிந்தால் சொல்லலாம். எந்த நேற்று நாளைக்குத் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது மென்பொருள் பெட்டி. 2020 இல் இருந்து அட்லஸை வெறும் மென்பொருளாகவும் நிறுவலாம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில், வீட்டு ரவுட்டரில், வாடகை வழங்கியில் எங்கும் போடலாம். தபால் செலவில்லை, சுங்கத்தில் நின்று இது வெடிப்பொருள் இல்லை என்று விளங்கப்படுத்த வேண்டியதில்லை. எண்ணிக்கை ஏறும். ஆனால் எளிதாக ஏறும் எண்ணிக்கை எளிதான இடங்களில்தான் ஏறும். தரவு மையத்தில் குளிரூட்டிய அறையில் இருக்கும் பெட்டிக்கு ஐப்பசி இடி தெரியாது. கோண்டாவில் ஒழுங்கையில் மழை பெய்தால் லைன் என்ன ஆகிறது என்று அது சொல்லாது.

இங்கே எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. 12,000ஐ 20,000 ஆக்குவது ஓர் இலக்கே அல்ல. பெட்டிகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குவிந்து கிடக்கின்றன. பெர்லினில் இன்னொரு பெட்டி, ஏற்கெனவே பத்துப் பேர் எட்டிப் பார்த்த கிணற்றைப் பதினோராவது ஆளாகப் பார்ப்பது. ஒரு பெட்டிகூட இல்லாத நிறுவனத்தின் லைனில், ஒரு பெட்டிகூட இல்லாத ஊரில் முதல் பெட்டி வைப்பது வேறு காரியம். முல்லைத்தீவில் 4ஜி ரவுட்டர் மட்டும் உள்ள வீட்டில் ஒன்று இருந்தால் அது பெர்லினின் பத்துக்குச் சமம். காசு கட்டி வாங்கிய டேட்டா முடிந்துவிடும் என்று பயப்படுவார்கள். செக்கனுக்கு 10 கிலோபிட் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 3 கிகாபைட்டுக்குச் சற்று மேல். முற்பணப் பாவனையாளருக்கு அது சும்மா இல்லைதான். அதை யாராவது கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் வைக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். திருநெல்வேலியிலும் கிளிநொச்சியில் பொறியியல் பீடத்திலும் வைப்பது நல்லது, மாணவர்களுக்கும் பயன்படும். ஆனால் பல்கலைக்கழகங்கள் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் வழியாக வெளியே போகின்றன. அந்தப் பெட்டி காட்டுவது லேர்னின் இணையத்தை. மாலை ஏழு மணிக்கு ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் படம் பார்க்கும் இணையத்தை அல்ல.

நான் பரிந்துரைப்பது சனசமூக நிலையம். சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. பேப்பர் பார்க்கும் வாங்கு, கரம் போட், சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். அங்கே வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் நடக்கும், புது நிருவாகம் தெரிவாகும், பழைய செயலாளர் புதியவரிடம் திறப்பையும் புத்தகங்களையும் பொருள் பட்டியலையும் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பார். எத்தனை கதிரை, எத்தனை மின்விசிறி என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டியலில் ஒரு வரியாக "இணைய அளவீட்டுப் பெட்டி, 1" என்று ஏறிவிட்டால், செயலாளர் கனடா போனாலும் பெட்டி போகாது. வீடுகளில் இல்லாதது இந்தக் கையளிப்புத்தான். அட்லஸில் ஒரு பெட்டியை ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற வழி இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை, ஏனென்றால் போகிறவர் போகிற அவசரத்தில் பெட்டியை நினைப்பதில்லை. பயணம் சொல்ல வருபவரிடம் வீட்டுத் திறப்பைக் கேட்பது போல, இதையும் கேட்க ஒருவர் வேண்டும்.

கோயில்களைப் பாருங்கள். ஆறாம் திருவிழா உபயம் இன்னாருடையது என்றால் மூன்று தலைமுறையாக அவர்களுடையது. குடும்பம் முழுக்க லண்டனில் இருந்தாலும் திருவிழா நிற்காது. காசு வரும், இங்கே ஒருவர் நின்று செய்விப்பார். காசு கொடுப்பவர் ஒருவர், கையால் செய்பவர் இன்னொருவர், இருவரையும் இணைக்கும் பெயர் ஒன்று. புலம்பெயர்ந்த ஒருவர் தன் ஊர்ச் சனசமூக நிலையத்துப் பெட்டிக்கான இணையக் கட்டணத்தை உபயமாக எடுத்துக்கொண்டால், அவருக்குப் புள்ளிகளையும் மாற்றிக் கொடுக்கலாம், அட்லஸில் அதற்கும் வசதி இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்து ஊரின் லைன் எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்கலாம். அம்மாவோடு பேசும்போது முகம் உறைந்தால் பிழை எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் நிலையத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். பொருளாளர் கேட்ட ஒரே கேள்வி, கரண்ட் பில் எவ்வளவு கூடும் என்பது.

வீட்டுப் பெட்டியின் கணக்கைச் சென்ற மாதம் சித்தியின் மகளுக்கு மாற்றிக் கொடுத்தேன். அவளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, அதுவரை ஊரில் நிற்பாள். குச்சி வைத்தியத்தை ஒரு முறை என் முன்னால் செய்துகாட்டச் சொன்னேன், செய்தாள். இடிக்கு என்ன செய்வது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, எழுதி, பெட்டிக்கு மேல் ரேப்பால் ஒட்டினா. "கழற்றினால் போடவும். ரீவிக்கு முதல்."

இந்த ஐப்பசியில் மூன்று இடி நாட்கள் போயிருக்கின்றன. மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள்.